மூட்டைக்கு இரண்டு கிலோ: சந்தையும் அமானிதமும்

 

  

மதீனாவில் ஒரு வெள்ளிக்கிழமை. பெருமானார் (ஸல்) அவர்கள் ஜும்ஆவில் இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஷாம் தேசத்திலிருந்து உணவுப் பொருள் ஏற்றிய ஒட்டகக் கூட்டம் ஊருக்குள் வருகிறது. பஞ்சம் நிலவிய காலம் அது என்று தஃப்சீர் நூல்களில் எழுதியிருக்கிறார்கள். சத்தம் கேட்டதும் பள்ளியிலிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் 12 பேர் மட்டுமே என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஸூரத்துல் ஜும்ஆவின் கடைசி வசனம் இந்த நிகழ்ச்சி பற்றித்தான் இறங்கியது.

அதே ஸூராவில் அதற்கு முந்திய வசனத்தையும் பாருங்கள். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் செல்லுங்கள், அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்ற பொருளில் வருகிறது. வெள்ளிக்கிழமை முழுவதும் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. பாங்கு சொன்னால் வா, தொழுதுவிட்டு வியாபாரத்துக்குப் போ. போகிற இடத்திலும் அல்லாஹ்வை அதிகம் நினைத்துக்கொள் என்று அந்த வசனம் முடிகிறது. பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே சந்தையை வைத்த மார்க்கம் இது.

உங்களில் பாதிப் பேர் மனத்தில் இப்போது என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். புளியங்குடியில் எலுமிச்சை இன்று என்ன விலைக்குப் போனது, பாவூர்சத்திரத்திலிருந்து கேரளாவுக்கு வண்டி கிளம்பிவிட்டதா, சட்டைப் பையில் அணைத்து வைத்த போனில் செய்தி வந்திருக்குமா? தப்பில்லை. இன்று பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

போன மாதம் ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வழக்கம்போல் வெளிவாசலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நின்றார்கள். ஓதிய தண்ணீர் வாங்க எல்லாச் சமுதாயத்தாரும் வருகிற பள்ளி இது. அந்த வரிசையில் ஒரு பெரியவர், பேரக் குழந்தையோடு நின்றார். மேற்கே மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் எலுமிச்சை வைத்திருக்கிற விவசாயி. ஓதிக் கொடுத்த பிறகும் அவர் நகரவில்லை.

"அசரத்து, ஒரு சந்தேகம் கேக்கலாமா? எடை குறைக்கிறது பாவம்னு உங்க மார்க்கத்துல இருக்குதாமே?"

ஆமாம் என்றேன்.

"அது உங்க ஆளுக்கு உங்க ஆளு குறைச்சாத்தானா, இல்ல எங்களுக்குக் குறைச்சாலும் பாவந்தானா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பக்கத்து வீட்டு மின்னணுத் தராசில் 50 கிலோ நிறுத்துக் கட்டிய மூட்டை, கமிஷன் கடையில் 48 ஆகிறதாம். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். ஏன் என்று கேட்டால், "கழிவு, எல்லா இடத்துலயும் உள்ளதுதான்" என்று பதில். கடைக்காரர் நம்மவர்.

எந்த ஊர்க் கடை, யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் துருவிப் பார்க்க வேண்டாம். அவரவர் தம் கடைத் தராசைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்தப் பெரியவருக்கு அன்றே பதில் சொன்னேன். யாருக்குக் குறைத்தாலும் பாவம்தான் ஐயா என்றேன். ஆனால் இந்த மிம்பரில் அதைச் சொல்ல எனக்கு நான்கு வெள்ளிக்கிழமை ஆயிற்று. ஏன் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தக் கடைக்காரர் ரமளானில் பள்ளியின் நோன்புக் கஞ்சிக்குத் தாராளமாகக் கொடுப்பவர். அந்தக் கஞ்சியை நானும் குடித்திருக்கிறேன். நாக்கு எழவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு மார்க்கத்திலிருந்து பதிலைப் பார்ப்போம். குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்துக்கே அளவில் மோசடி செய்வோர் என்றுதான் பெயர், அல்முதஃப்பிபீன். தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்குக் கேடு என்ற எச்சரிக்கையோடுதான் அந்த அத்தியாயம் தொடங்குகிறது. அங்கே வருகிற சொல்லைக் கவனியுங்கள். யாரிடமிருந்து வாங்கும்போது? "அந்நாஸ்" என்று வருகிறது. மனிதர்கள் என்று பொருள். முஃமின்கள் என்றோ, உங்கள் கூட்டத்தார் என்றோ அந்த இடத்தில் இல்லை. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்குச் செய்த உபதேசத்திலும், மனிதர்களுக்குரிய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று வருகிற இடத்தில் அதே சொல்தான். ஒரு நபியை அனுப்பி, தவ்ஹீதைச் சொன்ன கையோடு தராசைப் பற்றியும் பேசவைத்தான் அல்லாஹ். தராசு ஏமாற்றினால் யார் வீட்டு உலை குறைகிறது என்று பார்த்து மார்க்கம் சட்டம் சொல்வதில்லை. இன்னும் சொன்னால், நம் பாதுகாப்பை நம்பி வாழும் மாற்று மதத்தவருக்கு அநியாயம் செய்தவனுக்கு எதிராக மறுமையில் நானே வாதாடுவேன் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அந்தப் பெரியவருக்காக யார் வந்து நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜமாஅத்தார்களே! வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு. "ஹழ்ரத், இஸ்லாம் லாபத்துக்கு எல்லை வைத்திருக்கிறதா? எத்தனை சதவீதம் வரை ஹலால்?" அப்படி ஒரு கணக்கு கிடையாது. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் அறை வாடகை ஏறுகிறது, அது ஹராமா என்று தங்கும் விடுதி வைத்திருக்கும் ஒருவர் கேட்டார். ஏறுவது ஹராம் இல்லை. கூட்டம் வந்தால் ஏறும், அருவியில் தண்ணீர் நின்றால் இறங்கும். போனில் ஒரு வாடகை பேசிவிட்டு, குடும்பத்தோடு நனைந்து வாசலில் வந்து நிற்பவனிடம் வேறு வாடகை சொல்வதுதான் ஹராம்.

மதீனாவில் ஒருமுறை விலைவாசி ஏறியது. மக்கள் வந்து, யா ரஸூலல்லாஹ், எங்களுக்கு விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. என் மீது எவருக்கும் உயிர் விஷயத்திலோ பொருள் விஷயத்திலோ அநியாயப் புகார் இல்லாத நிலையில் நான் என் இறைவனைச் சந்திக்க விரும்புகிறேன் என்ற கருத்தில் பதில் தந்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. ஆட்சி கையில் இருந்தும், மனமில்லாதவனிடமிருந்து குறைந்த விலைக்குப் பொருளைப் பிடுங்க அவர்கள் துணியவில்லை.

ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள் சந்தைக்குப் போனார்கள். ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்றார் கடைக்காரர். அப்படியானால் ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவனை என்னைச் சேர்ந்தவனாகக் கருத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இது முஸ்லிமில் இருக்கிறது.

விலையில் கை வைக்கவில்லை, குவியலுக்குள் கை விட்டார்கள். இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தவர்கள், வியாபாரத்தில் எல்லாம் சரிதான் என்று கிளம்பிவிடுகிறார்கள். விலை சுதந்திரமாக இருக்கலாம். ஆனால் விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்கும், வாங்குபவனுக்குத் தெரிந்தது விற்பவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த விலை இருவரின் திருப்தியால் வந்த விலை. நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனம், ஒருவர் பொருளை ஒருவர் தகாத வழியில் உண்ணக் கூடாது, பரஸ்பரத் திருப்தியோடு நடக்கும் வியாபாரமே ஆகும் என்று போதிக்கிறது. ஒளித்து வைத்த விஷயத்தில் என்ன திருப்தி இருக்க முடியும்?

சந்தை விஷயத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தவற்றை எடுத்துப் பார்த்தால், அனேகமாக எல்லாமே இந்த ஒரு புள்ளிக்குத்தான் வந்து சேரும். வாங்கும் எண்ணமே இல்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிவிடும் நஜ்ஷ். பால் அதிகம் இருப்பதாகக் காட்ட மடியைக் கட்டி வைத்து ஆட்டை விற்பது. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே தோப்பின் காய்ப்பைப் பல வருடத்துக்கு விற்றுவிடுவது. நம் பக்கத்தில் மாந்தோப்புக் குத்தகை எடுப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைத் தனியாக வந்து கேட்டுக்கொள்ளுங்கள், அது ஒரு பெரிய பாடம்.

இதில் தலக்கீ என்று ஒன்று உண்டு. கிராமத்திலிருந்து சரக்கோடு வருகிறவனை, சந்தைக்கு வரும் முன்பே வழியில் மறித்து வாங்கிவிடுவது. அவனுக்கு அன்றைய விலை தெரியாது. அதைத் தடுத்தார்கள். அப்படி யாராவது வாங்கிவிட்டால், சரக்குக்காரன் சந்தைக்கு வந்து விலையைப் பார்த்த பிறகு அந்த வியாபாரத்தை முறிக்க அவனுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார்கள். எவ்வளவு பெரிய சட்டம் இது! விலையைத் தெரிந்துகொள்வது விவசாயியின் உரிமை என்று அன்றே ஆகிவிட்டது. ஆரியங்காவைத் தாண்டி ஓணத்துக்கு விலை ஏறியிருப்பது உனக்குப் போனில் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காத தோட்டத்துக்குக் காலையிலேயே போய், "மார்க்கெட் படுத்துட்டு அண்ணாச்சி" என்று சொல்லி மூட்டையைத் தூக்கினால் அது என்ன? நம் ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவில், விலையை மறைக்காமலும் ஊராருக்குத் தீங்கில்லாமலும் போய் வாங்கினால் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தோட்டத்துக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அங்கே போய்ப் பொய் சொல்லாதே என்பதுதான் விஷயம்.

தரகும் அப்படியே. கமிஷன் வாங்குவதே ஹராம் என்று சில இளைஞர்கள் பேசுகிறார்கள். அது சரியில்லை. தரகருக்குக் கூலி கொடுப்பதில் குற்றமில்லை என்பது இப்னு ஸீரீன், அதாஃ, ஹஸன் பஸரீ (ரஹ்) போன்ற தாபிஈன்களின் கருத்து என்று இமாம் புகாரி தம் நூலிலேயே எழுதியிருக்கிறார்கள். கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். பேசுகிற இருவருக்குத்தான் விலை தெரியும், மாட்டுக்காரன் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் எவ்வளவுக்குப் போனது என்பது அவனுக்கு உண்மையாகச் சொல்லப்பட்டால் பிரச்சினை இல்லை. துண்டுக்குள் ஒரு விலை, மாட்டுக்காரனிடம் ஒரு விலை என்றால் இடையில் நின்றதைத் தின்கிறவன் தரகன் இல்லை, அமானிதத்தில் மோசடி செய்தவன். இன்று துண்டு போய்விட்டது, போன் வந்திருக்கிறது.

நம் மஹல்லாவில் பொருளாதாரம் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். இந்த உரைக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு செய்தி சொன்னார். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினாராம். அதன் தலைப்பிலேயே எலுமிச்சைச் சந்தை வருகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே, வாங்கிய பிறகு தொல்லை கொடுக்கும் மோசமான காருக்கு எலுமிச்சை என்று பட்டப்பெயராம். நமக்கு எலுமிச்சை சோறு போடுகிறது, அவர்களுக்கு அது திட்டுகிற வார்த்தை!

விஷயம் இதுதான். பழைய கார் விற்பவனுக்கு அதன் கோளாறு தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எது நல்லது எது கெட்டது என்று தெரியாததால், எதற்கும் நடுத்தரமான விலைக்கு மேல் கொடுக்க அவன் பயப்படுவான். நல்ல கார் வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டாது, அவன் சந்தையை விட்டு ஒதுங்கிவிடுவான். அப்புறம் மிஞ்சுவது பெரும்பாலும் கோளாறு உள்ளவைதான். அதனால் விலை இன்னும் இறங்கும், இன்னும் கொஞ்சம் நல்லவர்கள் ஒதுங்குவார்கள். கடைசியில் சந்தையே படுத்துவிடும். இந்த ஆய்வுக்காக 2001-இல் மற்ற இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, உள்ளதை விளக்கினால் அந்த வியாபாரத்தில் பரகத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரகத் அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உடனே, "பார்த்தீர்களா, 1400 வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டோம்" என்று மார்தட்ட நமக்கு ஆசை வரும். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. சொல்லப்பட்டிருந்தும் நம் கடையில் ஏன் இல்லை என்று அல்லாஹ் கேட்டால் என்ன சொல்வது?

இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் ஜவுளி வியாபாரி. நாம் பின்பற்றும் இமாம், வாழ்நாளெல்லாம் கடை வைத்திருந்தவர். கூட்டாளி ஹஃப்ஸ் என்பவரிடம் துணிகளை அனுப்பினார்கள். அதில் ஒரு துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் மறந்துவிட்டார், விற்றும்விட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். ஒரு துணியின் விலையை மட்டும் கழித்துக் கொடுத்திருக்கலாமே என்று நாம் நினைப்போம். எது எந்தப் பணம் என்று கலந்துவிட்டதே என்று அவர்கள் நினைத்தார்கள். பால் பாத்திரத்தில் ஒரு சொட்டு விழுந்தால் நாம் பாத்திரத்தையே கொட்டுவதில்லையா?

இப்போது அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். எடை குறைகிறது என்று தெரிந்தும் ஏன் ஐயா அதே கடைக்குப் போகிறீர்கள், வேறு கடை இல்லையா என்று கேட்டேன். "அட்வான்ஸ் வாங்கியிருக்கேன்" என்றார். மகள் கல்யாணத்துக்குக் கடையில் 50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். கடன் தீரும் வரை காய் வேறு எங்கும் போகக் கூடாது. அவர்கள் போட்டதுதான் எடை, சொன்னதுதான் விலை.

இங்கேதான், ஜமாஅத்தார்களே, நம் வியாபாரிகள் ஏமாந்துபோகிறார்கள். "ஹழ்ரத், நாங்கள் ஒரு பைசா வட்டி வாங்குவதில்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 100 மூட்டை. மூட்டைக்கு 2 கிலோ என்றால் 200 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,000 ரூபாய். 50,000 ரூபாய்க்கு வருடத்துக்கு 8,000 என்றால் 16 சதவீதம். வங்கி வாசலை மிதிக்க அஞ்சுகிற நம் ஆள், அதே வட்டியை எலுமிச்சையாக வாங்கி வைத்திருக்கிறார். கடன் கொடுத்தவன் அந்தக் கடனுக்காக நிபந்தனை போட்டுப் பெறும் எந்த ஆதாயமும் வட்டிதான் என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் தீர்ப்பு. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பது கூடாது என்ற ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. இவ்வளவு காலம் அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று எனக்கு ஏட்டளவில்தான் தெரியும். அன்று அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. கடன் அவருடைய வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. விலை பேசுகிற வாய் கட்டப்பட்டுவிட்டால் அங்கே திருப்தி என்ற பேச்சுக்கே இடமில்லை.

வியாபாரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். விவசாயிகள் எல்லோரும் மலக்குகள் இல்லை. மூட்டையின் வாயில் நல்ல காயும் அடியில் சொத்தையும் வைப்பவர்கள் உண்டு. நபியவர்கள் கைவிட்ட அந்தக் குவியல் அவர்களுக்கும் பாடம்தான். ஒரு கடையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு இரவோடு இரவாக வேறு கடைக்குக் காயை ஏற்றுகிறவர்கள் உண்டு. கோடையில் தங்கம்போல் விற்கும் காய், மழைக்காலத்தில் பறிகூலிக்கும் கட்டாது. கேரளாவுக்கு அனுப்பிய சரக்குக்குப் பணம் எப்போது வரும் என்று தெரியாது. காய் வண்டியில் போகும்போதே வாடி எடை குறையும். ஆகவே கழிவு என்று ஒன்று கேட்பதில் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

காரணம் இருந்தால் அதை விலையில் கேளுங்கள். வாடும், சொத்தை இருக்கும், ஆகையால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் தருவேன் என்று வாயால் சொல்லுங்கள். அவருக்கு இஷ்டம் இருந்தால் தருவார், இல்லையென்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். அது வியாபாரம், ஹலால். 50-ஐ 48 என்று சீட்டில் எழுதாதீர்கள். தராசு பொய் சொல்லக் கூடாது. ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வானத்தை உயர்த்தியதைச் சொன்ன இடத்திலேயே தராசையும் அல்லாஹ் சொல்கிறான். சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கில் ஓடுவதைச் சொல்லிவிட்டு, நிறுவையில் குறைக்காதீர்கள் என்று சொல்கிறான். வானத்துக்கு ஒரு கணக்கு வைத்தவன் நம் கடைத் தராசையும் அந்த வரிசையில் வைத்திருக்கிறான்.

முன்பணம் கொடுக்க ஹலாலான வழியும் இருக்கிறது. ஸலம் என்று பெயர். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத் தரப்போகும் கனிகளுக்கு முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்று ஒழுங்கு செய்தார்கள். இன்ன தேதியில், இன்ன தரத்தில், இத்தனை கிலோ, கிலோ இவ்வளவு என்று பேசி முழுப் பணத்தையும் இன்றே கொடுத்துவிட வேண்டும். குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் காய்தான் என்று கட்டக் கூடாது, அந்தத் தோட்டம் காய்க்காமல் போனால் என்ன செய்வது? இதில் விவசாயிக்குக் கையில் பணம், வியாபாரிக்குக் குறைந்த விலை, இருவருக்கும் எல்லாம் தெரியும். விவரம் வேண்டுபவர்கள் இஷாவுக்குப் பிறகு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன். அப்படி முடியாதவர்கள் அழகிய கடனாகக் கொடுங்கள். கொடுத்த பணத்தைக் கேளுங்கள், காயைக் கட்டாதீர்கள்.

கடனை எழுதி வைப்பது பற்றி வருகிற வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது, பகரா அத்தியாயத்தின் 282. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுதுபவர் எழுதும்போது வாசகத்தைச் சொல்ல வேண்டியது யார்? கடன் வாங்கியவர். கொடுத்தவர் இல்லை. பலவீனமான பக்கம் எதுவோ, அதன் வாயால் எழுதப்பட வேண்டும் என்று அல்லாஹ் வைத்திருக்கிறான். நம் கடைகளில் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது?

அரசாங்கமும் இதில் செய்ய வேண்டியதைச் சட்டமாக வைத்திருக்கிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை பெற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள், பிறகு மற்ற ஊர்களிலும் வந்தன. விவசாயியிடம் கடை வாடகை வாங்குவதில்லை, தராசு சந்தையிலேயே கொடுக்கிறார்கள், அன்றைய விலை பலகையில் இருக்கிறது. மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கென்று ஓர் இடத்தைக் காட்டி, இது உங்கள் சந்தை, இதில் உங்கள் மீது வரி விதிக்கப்படாது என்ற கருத்தில் சொன்னதாக இப்னு மாஜாவில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். உழவர் சந்தை பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. நல்ல காரியத்தை யார் செய்தாலும் நாம் அடையாளம் காண வேண்டும்.

இந்த வாரம் அந்தக் கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். மிம்பரில் பேசப்போகிறேன் என்று முதலில் அவரிடம் சொல்லாமல் பேசுவது முறையில்லை. வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு, "எங்க வாப்பா காலத்துல இருந்து உள்ளது ஹழ்ரத். நான் மட்டும் விட்டா நான் மட்டும் நட்டப்படுவேன்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒருவர் மட்டும் திருந்துவது கஷ்டம். அதனால்தான் எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் சொல்கிறேன். கடைசியில், "பேசுங்க, என் பேரு வேண்டாம்" என்றார். விடுவதாக அவர் வாக்குத் தரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவருக்காக துஆ செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள்.

அவரிடம் ஒன்று மட்டும் நினைவூட்டினேன். தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வந்து நிற்கும் ஒருவன், ஒருவரை ஏசியிருப்பான், ஒருவர் பொருளைத் தின்றிருப்பான், ஒருவரை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கு போடப்பட்டு, தீர்ந்ததும் அவர்கள் பாவங்கள் அவன் மீது சுமத்தப்படும். அவனையே திவாலானவன் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ். கஞ்சிக்குக் கொடுத்த நன்மை, மூட்டைக்கு இரண்டு கிலோவாகப் பெரியவர் கணக்குக்குப் போய்விட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?

அடியார்களின் உரிமை தவ்பாவால் மட்டும் தீராது. ஆள் தெரிந்தால் அவரிடமே கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவரிடம் மன்னிப்புக் கேட்டு அவர் மனதார விட வேண்டும். இறந்திருந்தால் வாரிசுகளிடம். யாரென்றே தெரியாவிட்டால் அவர்கள் பெயரில் தர்மம் செய்ய வேண்டும். உடனே முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள். கடன் நோட்டில் அவர் பெயருக்கு நேரே குறைத்து எழுதினாலும் ஆகும், அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அந்தப் பெரியவர் போன திங்கட்கிழமை மறுபடியும் வந்தார். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், சொல்ல வந்தார். கையில் பை நிறைய எலுமிச்சை. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "பாவம்னு சொன்னீங்களே அசரத்து, அதுவே போதும். ஆனா அந்த ரெண்டு கிலோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பதில் சொல்ல முடியவில்லை.

ஓர் அறிவிப்பு. நிர்வாகிகளிடம் பேசி, முத்திரை பெற்ற மின்னணுத் தராசு ஒன்றை வாங்கியிருக்கிறோம். நாளை முதல் ஃபஜ்ருக்குப் பிறகு காலை எட்டு மணி வரை பள்ளியின் வெளிவாசல் திண்ணையில் இருக்கும். எந்தச் சமுதாயத்தவரும், எந்தச் சரக்கையும் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது. எடையைச் சீட்டில் எழுதிக் கொடுக்க மத்ரஸா மாணவர் ஒருவர் இருப்பார். கமிஷன் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் தங்கள் தராசையும் ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்து ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தோஷப்படுவேன். முதலில் வருபவருக்கு அந்தப் பெரியவர் கொடுத்த எலுமிச்சையில் சர்பத் போட்டுத் தருகிறேன், இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

குத்பாவுக்குப் பாங்கு சொல்ல இன்னும் சில நிமிடங்களே உள்ளன. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.